சிவப்புத் தண்ணீரில் சன்னாசி

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்ச மாட்டேன். பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் பார்த்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம் 3.40க்கு. ஈப்போவில், நான்கு குழல் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்த ஓர் அறையில்.

என் பெயர் ரூபன். புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கோப்பெங் பக்கத்துக் காட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தோம். அதையே கொஞ்சம் மாற்றி, செயற்கையாகவும் ஒன்று செய்துவைத்திருந்தோம். இரண்டில் எது புற்றுச் செல்களை நன்றாகக் கொல்கிறது என்று பார்ப்பது என் வேலை. கொன்று பார்க்க உயிருள்ள செல்கள் வேண்டும் அல்லவா? அவை சன்னாசி ஐயாவிடமிருந்து வந்தன.

அறுபத்தொன்பது வயது. ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு இருபது வருடம் ஆன பிறகும், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சமிருந்த ஒன்றில் மகள் தனலெட்சுமியோடு இருந்தார். நுரையீரலில் புற்று. நெஞ்சில் நீர் கட்டி மூச்சுவிட முடியாமல் போகவே, மருத்துவமனையில் குழாய் போட்டு அதை இறக்கினார்கள். புற்றுச் செல்கள் மிதக்கும் அந்த நீரில் ஒரு போத்தல் எங்களுக்கு வேண்டியிருந்தது. சம்மதக் கையெழுத்து வாங்கப் போனவன் நான்.

படிவம் மலாயில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இதுல எனக்கு மருந்து வருமா?"

வராது. வந்தாலும் பத்து வருடம் ஆகும். படிவத்திலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தது. ஆனால் அன்று அவர் நான்காவது ஆள். முதல் மூன்று பேரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"வரும்யா. உங்களுக்குத்தான் மொதல்ல."

மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்கிறாராம்.

எங்கள் தலைவர் டாக்டர் ஸ்கந்தராஜா என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன் லா நீ."

அந்தச் செல்களை ஊட்ட நீரில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்த்தோம். ஊட்ட நீர் சிவப்பாக இருக்கும். வழக்கமாக இப்படி வைப்பதில் பாதி செத்துவிடும். இவை பெருகின. நிற்காமல் பெருகின.

ஜூலை 9, செவ்வாய், மாலை 4.12. முதன்முதலாக அவற்றின் மேல் மரப்பட்டை மருந்தை விட்டேன்.

லொக்... லொக்...

சளி கட்டிய இருமல். அறைக்குள்தான். நான் தனியாக இருந்தேன். குளிர்சாதனக் குழாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, காலை 10.35. செயற்கை மருந்து. இந்த முறை ஒரு நாற்றம். ரப்பர் மரத்து ஒட்டுப்பால் நாற்றம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்தப் புளித்த நாற்றம் மறக்காது. கிருமி நுழையாத அறை அது. வடிகட்டிய காற்றுதான் உள்ளே வரும்.

16ஆம் தேதி, 3.05. மறுபடியும் மரப்பட்டை மருந்து. அதே நாற்றம்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை, 4.15க்கு, இரண்டு மருந்தையும் சேர்த்து, அளவைக் கூட்டி விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்று எந்தச் சத்தமும் இல்லை...

மறுநாள் சனிக்கிழமை. கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. வெளியே பேய் மழை. எத்தனை செல்கள் செத்தன என்று பார்க்க, 3.40க்குப் பெட்டியின் கதவைத் திறந்தேன்.

கிரீச்...

பின்னால் என் நாற்காலி நகர்ந்தது.

திரும்பினேன்.

சன்னாசி ஐயா உட்கார்ந்திருந்தார். கைலி மட்டும். வெறுங்கால். முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் இல்லை.

சிவப்பு.

"ஐயா... எப்படி உள்ள வந்தீங்க?"

"நீதான தம்பி கொண்டாந்த."

என் கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது.

"மருந்து வந்துருச்சா?"

"இன்னும்... கொஞ்ச நாள்யா..."

"பொய் சொல்ற. குடுத்துக்கிட்டுத்தான இருக்க?"

சொட்டு... சொட்டு...

"எரியுது தம்பி."

கண்ணை மூடினேன். திறந்தேன்.

நாற்காலி காலி.

தரை காய்ந்திருந்தது.

மணி 3.44.

திங்கட்கிழமை ஆயர் தாவாருக்குக் காரை ஓட்டினேன். வாசலில் செருப்புகள். உள்ளே மாலை போட்ட படம். தனலெட்சுமி அக்கா அழுது ஓய்ந்த முகத்தோடு என்னை உட்காரச் சொன்னார்.

"வியாழக்கிழம காலையில போயிட்டாருப்பா. நீ மருந்து கொண்டு வருவியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கடைசியில பெனாத்துனாரு. செகப்புத் தண்ணியில கெடக்குறேன், யாராச்சும் கதவத் தொறந்தாத்தான் வெளிச்சம் தெரியுதுன்னு. திடீர்னு எரியுதுன்னு கத்துவாரு. எப்ப வலிக்குதுன்னு குறிச்சு வைங்கன்னு நர்ஸ் சொன்னிச்சு. குறிச்சு வச்சேன்."

சுவர்க் காலண்டரைக் காட்டினார். மூன்றே மூன்று இடத்தில் பென்சில் எழுத்து. 9ஆம் தேதி, 4.12. 12ஆம் தேதி, 10.35. 16ஆம் தேதி, 3.05.

நான் எழுந்து நின்றேன்.

"வெள்ளிக்கிழம எரிச்சிட்டு வந்து எல்லாரும் குளிச்சிட்டு உக்காந்திருக்கோம். நாலே கால் இருக்கும். உள் ரூம்புலேருந்து அப்பா கத்துனாருப்பா. நான் மட்டும் இல்ல. பதினோரு பேரு கேட்டோம்." என் கையைப் பிடித்தார். "தம்பி, நீ படிச்சவன். எங்கப்பாவ முழுசாத்தான எரிச்சோம்?"

"ஆமாக்கா" என்றேன்.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய், செல்களை அழித்துவிடலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"பைத்தியமா ரூபன்? இப்படி வளர்ற செல் கெடைக்குமா? பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்பியாச்சு. மிச்சத்த உறைய வச்சாச்சு. நீயும் நானும் செத்தாலும் அது சாகாது."

மறுநாளே வேலையை விட்டேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

தனலெட்சுமி அக்கா அந்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு லூமுட்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம் ஃபோன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, இங்கயும் கேக்குது. முன்னெல்லாம் ஒரு சத்தந்தான். இப்ப ரெண்டு ரூம்புலேருந்தும் ஒரே நேரத்துல கத்துறாரு."