அக்காவின் குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னது அத்தான். "நடந்தத நடந்தபடி எழுதட்டுமா அத்தான்?" என்று கேட்டேன். "எழுதும் மாப்ள. சொந்தக்காரங்களுக்குத் தெரியட்டும்" என்றார்.

அக்கா பிறந்தது மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுகிற ஊர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதும் எனக்கு ஐந்து வயதும் இருந்தபோது அம்மா மஞ்சள் காமாலையில் தவறிப்போனார்கள். ஏழாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. காலையில் சோறு பொங்கி, என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் பருத்தி எடுக்கப் போவார். சாயங்காலம் என் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நான் திணறினால் முதுகில் ஒரு அடி விழும். அக்கா கோபக்காரர். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார், ஆனால் சாப்பாட்டை மட்டும் நேரத்துக்கு வைத்துவிடுவார்.

நான் மருந்தாளுநர் படிப்பு முடித்த பிறகுதான் அக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்தார். வாசுதேவநல்லூரில் குளத்துப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். நடவு, களை, அறுப்பு எல்லாவற்றிலும் அத்தானுக்குச் சமமாக வயலில் நின்றார். ஒரே மகள். அவள் பட்டம் வாங்கிய அன்று, மேடைக்குக் கீழே நின்று அக்கா கைதட்டிய சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

நான் சங்கரன்கோவிலில் மருந்துக்கடை வைத்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறினால் அக்கா என் வீட்டுக்கு வந்துவிடுவார். கோவிலில் நூற்றியொரு சுற்று சுற்றுவது அவர் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நாற்பது சுற்றிலேயே நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏலே, குதிங்கால்ல முள்ளு ஏதும் இருக்கான்னு பாரு. சுருக்கு சுருக்குன்னு குத்துது."

பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் புள்ளி. அதன் ஒரு ஓரம் மட்டும் பழுப்பாகப் பரவியிருந்தது. கடையில் ஆட்கள் மருந்துச் சீட்டோடு நின்றார்கள். "கால் ஆணிதான்க்கா" என்று சொல்லி, ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை நானே ஒட்டிவிட்டேன். வீட்டில் மாற்றி ஒட்ட இன்னும் நாலைந்து கொடுத்தனுப்பினேன். தீரத் தீர வாங்கிக்கொண்டார். தை மாத அறுப்பு வரை அந்தக் காலோடுதான் அக்கா வயலில் இறங்கினார்.

அதற்குள் புள்ளி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. தோல் கிழிந்து நீர் கசிந்தது. அத்தான் உள்ளூர் டாக்டரிடம் கூட்டிப்போனார். சர்க்கரைப் புண்ணோ என்று சோதித்தார்கள். சர்க்கரை இல்லை. களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. மாசியில்தான் எனக்குப் பயம் வந்தது. திருநெல்வேலிக்கு, தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

அந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். விளக்கு வைத்த ஒரு லென்ஸைக் குதிகாலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"ஆணிக்கு ஒட்டுறத இதுல ஒட்டியிருக்கீங்களே, யாரு ஒட்டச் சொன்னது?"

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் வாங்கி ஒட்டுனேன்."

கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வருகிற புற்றுநோய்.

"தோல்ல புற்றுநோய் வெள்ளைக்காரங்களுக்குத்தான் வரும்னு சொல்லுவாங்களே டாக்டர்?" என்று அத்தான் கேட்டார்.

"அவங்களுக்குத்தான் அதிகம். ஆனா நமக்கும் வருது. நம்ம மாதிரி நிறக்காரங்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில, இந்த மாதிரி வெயில் படாத எடத்துல வரும். அதனாலதான் யாரும் கவனிக்கிறதில்ல. சாதாரண மச்சம் வருஷக்கணக்கா ஒரே மாதிரி இருக்கும். இது மாறிக்கிட்டே வரும். ஓரம் கோணல்மாணலா இருக்கும், ஒரே புள்ளியில ரெண்டு மூணு நிறம் தெரியும், பெருசாகும், கடைசில புண்ணாகும். புண்ணாகுறதுக்கு முன்னாடி வந்தா பெரும்பாலும் வெட்டி எடுத்தாலே போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மதுரையில் அறுவைச் சிகிச்சை. காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று நாங்கள் நடுங்கினோம். புண்ணைச் சுற்றி நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, பாதத்தின் உள்பக்கத்துச் சதையைத் திருப்பிக் குதிகாலில் மூடித் தைத்தார்கள். கால் தப்பியது. ஆனால் தொடை இடுக்கிலிருந்து எடுத்துச் சோதித்த நெறியில் நோய் இருந்தது.

அன்றைக்கு வார்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். "நாந்தான் கெடுத்தேன்க்கா" என்று அழுதேன். அக்கா தேற்றவில்லை.

"கோவம் இருக்குலே. இல்லன்னு சொன்னா பொய். மருந்துக்கட வச்சிருக்க, ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான வந்தேன். டாக்டர் முன்னால ஒன்னய விட்டுக்கொடுக்க மனசு வரல. அதுக்காக கோவம் போயிட்டுன்னு நெனச்சுக்கிடாத" என்றார்.

அதன் பிறகு இரண்டு மாதம் என்னோடு அதிகம் பேசவில்லை. நான் வாசுதேவநல்லூருக்குப் போனால் காப்பி மட்டும் வரும்.

மாத்திரையாகவே கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு, ஆனால் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால்தான் அது கேட்கும் என்றார்கள். சோதித்தார்கள். அக்காவுக்கு அது இல்லை. அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயின் மேல் ஏவிவிடும் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். உடம்பெல்லாம் அரிப்பு, அலுப்பு. ஆனாலும் ஓராண்டு நோய் அடங்கி நின்றது. அக்கா மறுபடி வரப்பில் நடந்தார். அந்த நாட்களில்தான் ஒரு காலையில் போன் செய்து, "சாப்ட்டியாலே?" என்று கேட்டார். நான் கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு அழுதேன்.

கடைக்கு ஆணிப் பிளாஸ்திரி கேட்டு வருபவர்களிடம் காலைக் காட்டச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அப்படி ஒருவர் வந்தார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு திட்டு. முள் குத்திய இடம் என்று சொல்லிச் சண்டைக்கு வந்தார். விடாமல் அதே டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். அதே நோய், ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை. வெட்டி எடுத்ததோடு முடிந்தது.

அதை அக்காவிடம் சொல்லப் போனேன். அதற்குள் நோய் நுரையீரலிலும் ஈரலிலும் தெரிய ஆரம்பித்திருந்தது.

"நடக்கானா?"

"வேலைக்கே போறாராம்க்கா."

"நல்லாருக்கட்டும்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. "எனக்கு மட்டும் ஏம்லே இப்படி லேட்டாச்சு?" என்றார். பதில் என்னிடம் இருந்தது. அக்காவுக்கும் தெரியும். நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

வேறு ஊசி மாற்றிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. நோய் மூளைக்கு ஏறியபோது கதிர்வீச்சு கொடுத்தார்கள். தலைவலி குறைந்ததே தவிர நோய் நிற்கவில்லை. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அக்காவே சொன்னார். கடைசி ஐந்து வாரம் வீட்டில். வலிக்கான மருந்தை நேரம் தவறாமல் கொடுத்ததால் வலியில் கதறாமல் இருந்தார். ஒரு காலைப்பொழுதில், மகள் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மடியிலேயே அடங்கிவிட்டார். அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு.

கால் புண்ணை ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் கழுவித் துடைத்த அத்தானுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து தாயைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மகளுக்கும் நான் நன்றி சொன்னால் அது சிறிய வார்த்தை. உண்மையை மறைக்காமல், அதே சமயம் எங்களைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல் பேசிய டாக்டரம்மாவுக்கும், அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கும், கடைசி நாட்களில் வீடு தேடி வந்து வலிக்கு மருந்து கொடுத்த செவிலியருக்கும், துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்த, தோள் கொடுத்த, இன்றைக்கும் வந்து நிற்கிற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கால்களைக் கழுவிவிட்டு, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். புதிதாக ஒரு கறுப்பு, மாறிக்கொண்டே வருகிற ஒரு மச்சம், ஆறாத ஒரு புண் இருந்தால் தோல் டாக்டரிடம் போங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லட்டும்.

ஆணிதான் என்று நான் சொன்னதை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி