அக்கா சொன்ன ‘ஒண்ணுமில்லீங்க’

போன ஆடி மாதம், விருத்தாசலத்தில் என் பீங்கான் பொம்மைப் பட்டறையின் மாடிப்படி திடீரென்று உயரமாகிவிட்டது. பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. எங்கள் ஊரில் யாருக்கு இளைத்தாலும் பழி பீங்கான் தூசிமேல்தான். உள்ளூர் டாக்டரும் அப்படியே நினைத்து, உறிஞ்சும் மருந்து கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவன் நான். தூசிக்கும் எனக்கும் அதிகப் பழக்கமில்லை. ஆனாலும் உழைப்பாளிக்கு வரும் நோய் என்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த மருந்துக்கு இளைப்பு அடங்கவில்லை. அக்காவோடு புதுச்சேரிக்குப் போனேன். அம்மா காலமான பிறகு, ஆஸ்பத்திரியில் எனக்காகப் பதில் சொல்லும் உரிமை அக்காவுடையது.

இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த பெண் டாக்டர், “இந்த வயசுல வால்வுல இவ்ளோ சுண்ணாம்பு படியாதே. சின்ன வயசுல நெஞ்சுல கரண்ட் ஏதாவது வச்சாங்களா?” என்றார்.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்றாள் அக்கா.

வைத்தார்கள். எட்டு வயதில் எனக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் கட்டி. புற்றுநோய். ‘கரண்ட்’ என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சில் கரைந்தது. அந்தப் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அது மஞ்சள் காமாலை.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். “சும்மா கெடடா. உன் பொண்ண கேட்டு ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து வந்துட்டுப் போயிருக்காங்க.”

“கல்யாணத்துக்குப் பொண்ணோட அப்பனும் வேணுமில்லக்கா?” என்று கேட்டுவிட்டு, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். நோய் திரும்பவில்லை. அதை விரட்டிய கதிர்வீச்சு உள்ளே விட்டுப்போன வடு, இத்தனை ஆண்டுகளில் மெல்ல மெல்ல வால்வில் கெட்டிப்பட்டிருக்கிறது. தைராய்டையும் பார்க்க வேண்டும். “இது தெரிஞ்சாத்தாங்க ஆபரேஷனை எப்படிச் செய்யறதுன்னே முடிவு பண்ண முடியும்,” என்றார். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வால்வை மாற்றினார்கள். இப்போது படி பழைய உயரத்துக்கு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிழைத்ததைக்கூட வெட்கப்பட்டு ஒளித்து வைத்த குடும்பம் நாங்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் இப்போது முதலில் அதைத்தான் சொல்கிறேன், அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாளே தவிர மறுத்துப் பேசுவதில்லை.