எலுமிச்சம்பழத்தோடு ஓடிய கெமிஸ்ட்ரி டீச்சர்

இரண்டு வருடங்களுக்கு முன், மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. அன்றைக்கு என் கணவரின் வலது கண் போயிருக்க வேண்டியது. தப்பியதற்கு, இருபது வருடமாகப் பள்ளியில் வேதியியல் நடத்தும் நான் காரணமில்லை. சொல்லப்போனால், நான் அதைக் கெடுக்கத்தான் பார்த்தேன்.

சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டு இரண்டு நாளாகியிருந்தது. பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று சொன்னாரே தவிர, வந்தபாடில்லை. பொறுமையிழந்த என் கணவர் கடையில் காஸ்டிக் சோடா பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து, கரைக்க ஒரு பாத்திரம் கேட்டார். நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "மேல் ஷெல்ஃப்ல பழைய அலுமினியச் சட்டி இருக்கு பாருங்க" என்றேன். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், ஹைட்ரஜன் கிளம்பும், சூடு ஏறும். ஏன் இரண்டையும் சேர்க்கக் கூடாது என்பது நான் வருடா வருடம் கேட்கிற இரண்டு மதிப்பெண் கேள்வி.

தண்ணீர் ஊற்றியதும் சட்டி பொங்கியிருக்கிறது. என்னவென்று இவர் குனிந்து பார்த்திருக்கிறார். அலறல் கேட்டு ஓடினால், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. காஸ்டிக் சோடா காரம். காரத்தை முறிக்க அமிலம் வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்தேன், எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன், "கையை எடுங்க, கண்ணைத் திறங்க" என்று கத்திக்கொண்டே அவர் முகத்தருகே கொண்டுபோய்விட்டேன். பிழியப் போகும் நேரத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெண்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது இளையவர். பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் ஃபேக்டரியில் வேலை. முடி உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடும் பிரிவு. சாயங்காலம் அவர் படியேறி வந்தால் வாடையும் கூடவே வரும். எதிரே பட்டால் நான் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்வேன். ஒரு வருடத்தில் அவரிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"இன்னா டீச்சர் பண்றீங்க! அத்தக் கீழ போடுங்க. இன்னா பட்டுச்சு கண்ணுல?"

"காஸ்டிக் சோடா" என்றேன்.

"தண்ணி எங்க கீது?"

குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்குத்தான் மோட்டார் போடுவார்கள். அவர் குடிதண்ணீர் கேனை இழுத்து வந்தார். என் கணவரை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, இறுக மூடிய இமையை இரண்டு விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, "ஊத்துங்க டீச்சர்" என்றார். நான் சொம்பு சொம்பாக ஊற்றினேன். எங்கள் கேன் தீர்ந்தது. அவர் வீட்டுக் கேன் வந்தது, எதிர் ஃபிளாட்டுக் கேனும் வந்தது.

"போதும்மா, விட்டுடுங்க" என்று என் கணவர் கெஞ்சினார்.

"போதாது சார். இது ஒட்டிக்கினா லேசுல வுடாது. உள்ள போய்க்கினே இருக்கும்."

அரை மணி நேரம் விடவே இல்லை. ஹால் வரை தண்ணீர். கீழே விழுந்து கிடந்த விடைத்தாள்கள் ஊறிப்போயின. ஆட்டோவிலும் பாட்டிலால் ஊற்றிக்கொண்டே வந்தார்.

கண் மருத்துவமனையில் டாக்டர் ஒரு சிறு காகிதத் துண்டைக் கீழ் இமைக்குள் வைத்தார். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் காகிதம். என் லேபில் கட்டுக்கட்டாக இருக்கிறது. நீலம் ஏறாமல், நடுநிலையைக் காட்டும் பச்சையோடு நின்றது. காரம் போய்விட்டது.

"நல்ல வேளை, உடனே கழுவியிருக்கீங்க. இல்லேன்னா கருவிழி வெந்துபோயிருக்கும்" என்றார் டாக்டர். எலுமிச்சை பிழிந்திருந்தால் என்று மெல்லக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காரமும் அமிலமும் சேர்ந்தா சூடு கிளம்புமே! எலுமிச்சையும் தனியா அரிக்கும். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, டாக்டர்" என்று படுத்தபடியே பதில் சொன்னார் என் கணவர்.

திரும்பும்போது அந்தப் பெண்ணிடம், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க செக்ஷன்ல ஒரு அக்கா கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சிச்சு. நல்லதுன்னு நெனச்சு நான்தான் டீச்சர் புளித்தண்ணி ஊத்துனேன். அந்தக் கண்ணு போச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை.

கணவருக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது. வகுப்பில் நடுநிலையாக்கல் பாடம் வந்தால், கண்ணில் எது பட்டாலும் தண்ணீர், தண்ணீர் மட்டும்தான் என்று பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைத்த பிறகே சமன்பாட்டை எழுதுகிறேன். சாக்பீஸ் பிடிக்கும் இந்தக் கைதான் படிக்கட்டில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கண்டதும் கர்ச்சீப்பை எடுத்த கை. அதை அன்று அவர் எட்டிப் பிடித்திருக்காவிட்டால், என் கணவரின் கண்ணை நானே பறித்திருப்பேன்.