மேலே ஒன்றும் போடாத பந்தல்

2018 நவம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் அக்னஸ் அக்கா தன் கொல்லையை விட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கஜா புயல் அடித்த காலை அது. பேராவூரணியைச் சுற்றி நின்ற தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அத்தனை இழப்புக்கு நடுவில் ஒரு பெண் கொல்லைக் கதவைச் சாத்தியதை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கதவு வழியாக அவர் வருடக் கணக்கில் வெளியே வரப்போவதில்லை என்பதும் அன்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் பக்கத்து வீடு. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர்கள் கொல்லை முழுவதும் தெரியும். அன்று காற்று சற்று ஓய்ந்தபோது, கொட்டகையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட அக்கா வெளியே வந்தார். கயிற்றை அவிழ்த்து முடிப்பதற்குள் காற்று எதிர்ப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. அவர் கொட்டகையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடித்த காலே மண்ணிலிருந்து மேலே எழும்பியது. தகரம், குழாய், குறுக்குச் சட்டம் எல்லாம் ஒன்றாக, பானையிலிருந்து மூடியை எடுப்பது போல அவர் தலைக்கு மேலே தூக்கப்பட்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் பறந்ததை நான் பார்த்தேன். பிறகு எத்தனையோ நாடுகளில் மலை, கடல், பனி என்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய ஒன்றைப் பார்க்கவில்லை.

மாடு தப்பித்தது. அக்காவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கொட்டகையை நாலு வயல் தள்ளிக் கண்டெடுத்தார்கள்.

அந்தக் கொட்டகையைக் கட்டியவர் அவருடைய கணவர் குழந்தைராஜ் அண்ணன். அவருக்குப் பந்தல்தான் தொழில். பேராவூரணி வட்டாரத்தில் கல்யாணமோ, சாவோ, மாதா கோயில் திருவிழாவோ, சவுக்குக் கம்பும் சாமியானாவும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு அவருடைய வண்டிதான் போகும். காலையில் வெறுமையாகக் கிடக்கும் தெருவை மதியத்துக்குள் மண்டபமாக்கி, மறுநாள் மறுபடியும் தெருவாக்கிவிடுவார். அப்படிப்பட்டவரின் மனைவி புயலுக்குப் பிறகு எந்தப் பந்தலுக்குள்ளும் நுழைவதில்லை. தங்கை மகள் கல்யாணத்தில்கூட, கணவர் போட்ட பந்தலுக்கு வெளியே நடு வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் அவருக்குக் குடை அக்னஸ் என்று பெயர் வந்தது. கேட்டரிங் பையன்கள் அண்ணன் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

ஆனால் தோட்டத்தை அக்கா விடவில்லை. சமையலறை ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு குரலாலேயே வளர்த்தார். எலுமிச்சைக்குத் தண்ணீர் போதும், கனகாம்பரத்தைக் கிள்ளிவிடுங்க, முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறுது என்று அவர் சொல்லச் சொல்ல அண்ணன் குடத்தோடு அலைவார். நான் அடுத்த வருடம் ஊரைவிட்டுக் கிளம்பியபோதும் அந்தக் குரல் கேட்டது. ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, 2024 சித்திரையில் வீடு திரும்பியபோதும் அதே ஜன்னலிலிருந்து அதே குரல்தான். மரங்கள் மட்டும் உயர்ந்திருந்தன.

வந்த வாரமே அண்ணன் என்னைத் தேடி வந்தார். வெளிநாட்டுத் தோட்டங்களில் மரத்தாலேயே ஒரு பந்தல் நிற்குமாமே, படம் இருந்தால் காட்டு என்றார். ஜார்ஜியாவில் திராட்சைக் கொடி படர்ந்த ஒன்றும், துருக்கியில் தேநீர்க் கடைத் தோட்டத்தில் வெறுமையாக நின்ற ஒன்றும் போனில் இருந்தன. நாலு கால், மேலே இடைவெளிவிட்டுப் பரப்பிய சட்டங்கள், அவ்வளவுதான். பெர்கோலா என்று பெயர் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கி மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழை பெஞ்சா?”

“நனைவாங்கண்ணே.”

“நம்ம ஊர்ல இதை வாடகைக்கு விட்டா என்னையத்தான் கட்டி வச்சு அடிப்பாங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ கூரை பறந்ததுக்குப் பயப்படலை தஹ்மீனா. பிடிச்ச காலு கையோட வந்துச்சு பாரு, அதுக்குத்தான். நான் நட்ட காலு அது. பந்தக்கால் நடுற மாதிரியே நட்டுட்டேன். நாளைக்குப் பிடுங்கப் போறோம்னே நட்டுப் பழகின கை. அவளுக்குக் கூரை வேணாம். பிடிச்சா வராத காலு நாலு வேணும். அது இருந்தா கொல்லைக்கு வருவா.”

வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

மரம் தேடும் படலம் தொடங்கியது. எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவருடைய வண்டியிலேயே கூடப் போனேன். முதலில் இணையத்தில் ஒன்றை வரவழைத்தார். அட்டைப்பெட்டியில் வந்த பைன் மரச் சட்டம் அவர் சாய்ந்து நின்றதும் வளைந்தது. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். சொந்தச் சவுக்குக் கம்பையே போட்டுவிடலாமா என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

“முகூர்த்த நாள்ல கம்பு பத்தலைன்னா முதல்ல இதைத்தான் பிரிச்சு எடுத்துட்டுப் போவீங்க” என்றார் அக்கா.

புயலில் விழுந்த எங்கள் தென்னைகளை அறுத்து வைத்த பலகைகள் எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருந்தன. எங்கள் அத்தா அதைத் தருவதாகச் சொன்னார். அண்ணனுக்கு ஆசைதான். அக்காவுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். “விழுந்த மரத்தையே கொண்டாந்து என் தலைக்கு மேல நிறுத்துவீங்களோ?” அதற்குப் பிறகு தென்னையைப் பற்றி யாரும் பேசவில்லை. பட்டுக்கோட்டை மரவாடியில் தேக்கு பார்த்தோம். இளமரம், பாதிக்கு மேல் வைரம் பாயாத வெளுப்பாக இருந்தது. கரையானுக்கு விருந்து வைப்பதா என்று அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

கடைசியில் வலங்கைமான் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். கூரையைத் தாங்கிய பனஞ்சட்டங்களை இறக்கி வெயிலில் போட்டிருந்தார்கள். தவிட்டுத் தூசியைத் துணியால் துடைத்ததும் உள்ளே கறுப்பு மின்னியது. கறுப்பில் வெள்ளைக் கீற்றுகள், மழை இறங்குவது போல. ஆணி அடித்துப் பார்த்தார் அண்ணன். ஆணி வளைந்தது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை புயல் வந்து போனாலும் அந்தக் கூரை அசைந்ததில்லை என்று மில்காரர் சொன்னார். விற்பவர் சொல்வதுதானே என்று நான் நினைத்தேன். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தபோது அந்த நினைப்பு போய்விட்டது. என்னால் அதை அசைக்கவே முடியவில்லை.

வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு சட்டம் கைநழுவிக் கொல்லை மண்ணில் விழுந்தது. தரை அதிர்ந்து எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் டம்ளர் நடுங்கியது என்று அம்மா இன்றும் சொல்கிறார். அக்கா ஜன்னலுக்கு வந்தார்.

“அது என்ன மரம்?”

“பனை. வைரம் பாஞ்சது” என்றார் அண்ணன். அதுவரை அக்கா எந்த மரத்தின் பெயரையும் கேட்டதில்லை.

ஆள் இறங்கி நின்றால் மார்பளவு வரும்படி நாலு குழி தோண்டினார்கள். சட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போல்ட் முறுக்கிக் கால்களாக்கி, அடியில் தார் பூசி, கான்கிரீட்டில் இறக்கினார்கள். தெருவிலிருந்து பார்த்தவர்களுக்குக் குழந்தைராஜ் வீட்டிலேயே பந்தக்கால் நடுவது மட்டும்தான் தெரிந்தது. காலையில் இரண்டு பேர் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள். மதியம் கீழத்தெரு ஜெய்னுலாபுதீன் மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெல்ல உள்ளே வந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். ஜன்னலில் அக்காவைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ், நீ இருக்கியாம்மா” என்றார்.

“இருக்கேன் மாமா. டீ போடவா?”

டீ குடித்துக்கொண்டே மாமா அண்ணாந்து பார்த்தார். மேலே என்ன போடப் போகிறாய், கீற்றா தகரமா என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றார் அண்ணன். அப்புறம் எதுக்குப்பா பந்தல் என்றார் மாமா. அந்தக் கேள்வியை அந்த மாதம் முழுக்க ஊரே கேட்டது. பந்தல்காரனுக்கு வீட்டில் போடத் துணி இல்லையாம் என்று பேருந்து நிலையம் வரைக்கும் பேச்சு போயிற்று.

கால்களின் மேல் சட்டங்களை இடைவெளிவிட்டுப் பரப்பி முடித்தபோது ஆடி பிறந்தது. மேல்காற்று தெருக் குப்பையைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஒரு பிற்பகலில் அண்ணன் ஏணி வைத்து ஏறி, சட்டங்களின் மேல் பெரிய சாமியானாத் துணியொன்றை விரித்து நாலு மூலையிலும் கட்டினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. துணி உப்பியது. கப்பல் பாய் போல எழுந்து படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் அறைந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருநாய்கள் குரைத்தன. அவ்வளவு கனமான பனைக்கால்களிலிருந்து ஒரு முனகல் வந்தது. அக்கா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொல்லையில் நின்ற எனக்கும் புயலடித்த அந்த விடியல் ஞாபகத்துக்கு வந்தது. போதும் இறங்குங்க என்று கத்த நினைத்தேன்.

அண்ணன் அரிவாளால் கயிறுகளை வெட்டினார். துணி பறந்து முருங்கையில் போய் மாட்டிக்கொண்டது.

சத்தம் நின்றது. காற்று நிற்கவில்லை, எங்கள் தலைமுடியெல்லாம் பறந்துகொண்டுதான் இருந்தது. அது சட்டங்களுக்கு நடுவே புகுந்து, தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. பந்தல் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. எத்தனையோ கோயில், மசூதி, மாதா கோயில் வாசல்களில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அன்று அந்தக் கொல்லையில் நின்றதுபோல வாயடைத்து எங்கும் நின்றதில்லை.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு ஆட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“பாத்துக்க. காத்துக்குப் பிடிக்க இதுல ஒண்ணும் இல்லை. உனக்குத்தான் இருக்கு.”

முருங்கையில் மாட்டின துணியைக் கிளை ஒடியாமல் எடுங்க என்றார் அக்கா.

அன்று வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளுக்கு அண்ணன் எண்ணெய் போட்டு வைத்தார், அதையும் யாரும் திறக்கவில்லை. காலையில் குடத்தோடு தோட்டத்துக்குள் போகும்போது ஒவ்வொரு காலையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். எனக்கு மறுபடியும் கால் பரபரத்தது, ஆவணியில் கிளம்பிவிட்டேன். சொல்லிக்கொள்ளப் போனபோது அக்கா ஜன்னல் வழியாகப் பந்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டங்களின் நிழல் கோடு கோடாக மண்ணில் விழுந்திருந்தது.

“வேலை நல்லாத்தான் செஞ்சிருக்காரு” என்றார். “நிக்கட்டும். நாலு மழையைப் பாக்கட்டும்.”

ஒரு ஐப்பசி போனது. அடுத்த ஐப்பசியும் வந்தது. அப்போது நான் ஆர்மேனியாவில் ஒரு மலையூரில், விடுதியொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டிய ஒரு காலையில் குழந்தைராஜ் அண்ணனிடமிருந்து செய்தி வந்திருந்தது.

“தஹ்மீனா, இங்க ரெண்டு நாளா நல்ல மழை, காத்தும் பெரிசா அடிக்குது. உங்க அக்கா இன்னைக்குக் காலையில அவளே தாழ்ப்பாளைத் தொறந்து கொல்லைக்குப் போனா. ரொம்ப நேரம் பனங்காலைப் பிடிச்சுகிட்டு நின்னா. நான் பக்கத்துல போகலை. இப்பக் கையை விட்டுட்டு நாற்காலி போட்டு உக்காந்து மேலயே பாத்துகிட்டு இருக்கா. உள்ள வான்னா வரமாட்டேங்கிறா. நல்லா நனையுறா. குடை உள்ள ஆணியிலதான் தொங்குது.”