ஏரிக்கரை வலைக்கொட்டகை

லிங்கராஜபுரத்தில் இன்று சாலை போடத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில், தொம்மலூர் ஏரிக்கரையில் என் கொள்ளுத்தாத்தா கட்டிய வலைக்கொட்டகை நினைவுக்கு வந்தது.

ஏரியில் மீன் அற்றுப்போய்ச் சாக்கடை தேங்கிய பிறகும், ஆபீஸில் பியூனாக இருந்த அப்பா ஞாயிறுதோறும் அங்கே போய், உடைந்த ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, யாரும் ஏறாத பரிசலுக்குத் தார் பூசி, நாலு தலைமுறைக் கொட்டகையை விழாமல் காப்பாற்றி வந்தார். தார் டப்பாவைப் பிடிப்பது என் வேலை.

ஒரு ஞாயிறு, அவர் ஏணிமேல் இருந்தபோது, என் வகுப்புத் தோழி சைக்கிளில் வந்தாள். டப்பாவை அவசரமாகக் கீழே வைத்தேன்.

"ச்சீ, என்ன நாத்தம்! யாருதுடி இது?"

"தெரியாது. யாரோ மீன்காரங்களுது."

அப்பா மெதுவாக இறங்கி வந்து என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. துணியில தார் ஒட்டிக்கும்."

என்னை அவர் 'நீங்க' என்று சொன்னது அன்று மட்டும்தான். அடுத்த ஞாயிறிலிருந்து தனியாகவே போனார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அவர் காலமானதும் கொட்டகை என் பெயருக்கு வந்தது. ஆபீஸ் கட்டக் கேட்டவர்களுக்கு அந்த வருஷமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இடித்த அன்று போய்ப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.