இரண்டாம் பாகத்தில் வராத காட்சி

முப்பது வருடமாகப் பிணமாக நடித்தே பிழைத்தவர் அவர். கேமரா ஓடி முடியும்வரை நெஞ்சு ஏறி இறங்காமல் கிடப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஈ மூக்கின் மேல் உட்கார்ந்தாலும் அசையமாட்டார். அதனால் படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு ‘மூச்சு’ என்று பெயர் விழுந்தது. ‘மூச்சண்ணனைக் கூப்பிடுங்கப்பா’ என்று குரல் கேட்டால் கதையில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று சமையல் பகுதிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவருக்கு, தலை முழுக்க நரைத்த பிறகு, வசனத்தோடு ஒரு வேடம் வந்தது.

விண்வெளிச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வாராந்திரத் தொடர் அது. ஊரே பார்த்தது. அதில் சுரங்கத்தில் உழைக்கும் இயந்திர மனிதர்கள் முதலாளிகளுக்கு எதிராகக் கிளம்பும் கதையை இரண்டு பாகமாக எடுத்தார்கள். மூச்சண்ணனுக்குப் பரிமாறும் இயந்திரத்தின் வேடம். ஒரு வெள்ளிநிறச் சட்டை, கழுத்தில் ஒரு சிறு விளக்கு. முதல் பாகத்தின் கடைசியில், கலகக்காரர்கள் கொதிகலன் அறையில் ஒளிந்திருப்பதை அதிகாரியின் காதில் போய்ச் சொல்லிவிடுவார். அதோடு ‘தொடரும்’ என்று போட்டுவிடுவார்கள்.

இரண்டாம் பாகத்தில்தான் விஷயமே இருந்தது. காவலர்களை எல்லாம் கொதிகலன் அறைப் பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கத்து வாசலைத் திறந்துவிடத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். கனமான இரும்புக் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்பார். எல்லோரும் ஓடித் தப்பிப்பார்கள். அவர் அங்கேயே எரிந்துபோவார். அந்தக் காட்சியை எடுத்து முடித்தபோது இயக்குநரே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

கதையை வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் முதல் பாகம் வந்த மறுநாளே வீட்டில் நிலைமை கைமீறிவிட்டது. ரசிகர்கள் எழுதியதை எல்லாம் மைத்துனி, அதாவது அவர் மனைவியின் தங்கை, போனில் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

“‘இந்தக் கிழட்டு ரோபோவைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்க’. இதுக்கு எத்தனை லைக் பாருங்க அத்தான்! ‘மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுது, துரோகி’. ‘இவனுக்கு மட்டும் வலிக்கிற மாதிரி ஒரு சாவு குடுங்க’. இன்னொருத்தர் உங்க மேல கவிதையே எழுதியிருக்காரு. வாசிக்கட்டுமா?”

“வேணாம்டி,” என்றாள் அக்கா.

மூச்சண்ணன் சிரித்தார். இத்தனை பேர் திட்டுகிறார்கள் என்றால் இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் போய்வருபவள். ஏற்கெனவே பாதியாகிப்போன முகம் இன்னும் சிறுத்துப்போனது.

“உங்களப் போயி காட்டிக் குடுத்தவன்னு எழுதுறாங்களே. நீங்க என்னைக்காவது ஒருத்தருக்குக் கெடுதல் நெனச்சிருப்பீங்களா?”

“அது நான் இல்லம்மா, ரோபோ.”

“மூஞ்சி உங்களுதுதானே?”

தங்கை போன பிறகு, வேறு வழியில்லாமல் மனைவிக்கு மட்டும் இரண்டாம் பாகத்தைச் சொன்னார். கதவு, தோள், தீ எல்லாவற்றையும் சொன்னார். அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

“எரிஞ்சே போயிடுறீங்களா?”

“ஆமா. யாருகிட்டயும் மூச்சு விடாத. வேலை போயிடும்.”

“நான் யாருகிட்ட சொல்லப்போறேன்,” என்றாள்.

அந்த இரண்டாம் பாகம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தவள், மூச்சு வாங்குகிறது என்று சாய்ந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீப்பு கையிலேயே இருந்தது.

அவளை அடக்கத்துக்குக் கொண்டுபோன வண்டியில் அவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்.

“தப்பா நெனக்காதீங்க சார். நீங்க அந்த ரோபோ கதையில வர்றவருதானே? அடுத்த வாரம் என்ன சார் ஆகும்?”

“பாருங்க,” என்றார் மூச்சண்ணன்.

இரண்டாம் பாகத்தை அவரும் மைத்துனியும் பார்த்தார்கள். பார்க்கவே வேண்டாம் என்றுதான் இருந்தார். “அக்கா இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா, அத்தான்,” என்று அவள்தான் டிவியைப் போட்டாள். கலகத் தலைவியாக வந்த பெண் ஒரு கருவியைச் சுவரில் வைத்தாள். இரும்புக் கதவு தானாகத் திறந்தது. எல்லோரும் ஓடினார்கள். கூட்டத்தில் ஒரு நொடி வெள்ளிநிறச் சட்டை தெரிந்த மாதிரி இருந்தது, அதுகூட வேறு யாரோ. பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியது.

மைத்துனி எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டாள்.

உதவி இயக்குநர் மறுநாள் போன் செய்தார். “நீளம் ஜாஸ்தியாயிடுச்சுண்ணே. நீங்க நல்லாத்தான் பண்ணியிருந்தீங்க. மேல உக்காந்திருக்கிறவங்க வெட்டச் சொல்லிட்டாங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

“சரிப்பா.”

“வீட்ல அண்ணி எப்படி இருக்காங்க?”

அவர் சொன்னார்.

ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆளுக்கு ஆள் அழுதோம், சிலிர்த்தோம் என்று எழுதினார்கள். ஒரே ஒரு குறைதான் அவர்களுக்கு. ‘அந்தத் துரோகிக்குத் தண்டனையே கொடுக்கவில்லையே, அவன் எங்கே போனான்?’ என்று கேட்டிருந்தார்கள். மைத்துனி இப்போது எதையும் வாசித்துக் காட்டவில்லை. அவரே போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தார். பதில் எழுத விரலை வைத்தார். என்ன எழுதுவது? இல்லாத காட்சிக்கு யார் சாட்சி? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேலையும் சுருங்கியது. முகம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் பிணமாகப் படுக்கவைத்தால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று இரண்டு கம்பெனிகளில் வேண்டாம் என்றார்கள்.

மனைவியின் போர்வையும் தலையணையும் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்திலேயே இருந்தன. எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நர்ஸ் அழைத்தாள். ஒரு பிற்பகலில் போனார். வரிசையாக நாற்காலிகள், பக்கத்தில் இரைகிற இயந்திரங்கள். ஜன்னலோரத்து நாற்காலியில் மனைவி உட்காருவாள். இப்போது அங்கே யாரோ ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு நாற்காலிகளில் ஒரு தையல்காரம்மாவும், முன்பு பேருந்தில் கண்டக்டராக இருந்த ஒரு அம்மாவும் இருந்தார்கள். மனைவியோடு வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அவரைப் பார்த்ததும் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கண்டக்டரம்மாதான் ஆரம்பித்தார். “ஏன் அண்ணே, கதைய மாத்திட்டாங்க?”

“எந்தக் கதை?”

“நடிக்காதீங்க. எங்க ஆளு, உங்க வீட்டம்மா, எல்லாத்தையும் சொல்லியாச்சு. ‘யாருகிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு சொல்லிச் சொல்லி, இந்த ஹாலு முழுக்கச் சொல்லியாச்சு. நர்ஸுக்குக்கூடத் தெரியும். எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்கோம், நீங்க வரவே இல்ல.”

“வெட்டிட்டாங்கம்மா,” என்றார்.

“நல்லா வெட்டுனாங்க!” என்றார் தையல்காரம்மா. “அவங்க சொன்ன கதைதான் கதை. பொண்டாட்டிக்காக அந்த ரோபோ படுற பாடு இருக்கே...”

மூச்சண்ணனுக்கு விளங்கவில்லை. “யாரு பொண்டாட்டி?”

“உங்க பொண்டாட்டிதான். அந்த ரோபோவோட பொண்டாட்டி. பேட்டரி போயி உள்ள படுத்துக் கிடக்குமே. அவளால ஓட முடியாது. அவள வெளிய கொண்டுபோகத்தானே அவரு பொய் சொல்றாரு?”

அப்படி ஒரு பாத்திரம் கதையிலேயே கிடையாது. அவர் சொன்னதும் இல்லை. பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். போர்வை மடியில் இருந்தது.

“அப்புறம்?” என்று கேட்டார்.

“அப்புறம் கதவத் தாங்கிக்கிட்டு நிப்பீங்க. எல்லாரும் ஓடுவாங்க. தீ வரும்.”

“எரிஞ்சிடுவேன்,” என்றார் அவர்.

தையல்காரம்மா குழாய் செருகிய கையை அசைக்காமல், மறு கையை ஆட்டினார். “அதெல்லாம் இல்ல. கதவக் கீழ போட்டுட்டு, அவளத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நீங்களும் போயிடுவீங்க. ரெண்டு பேரும் எங்கயோ தூரமா போயிட்டாங்கன்னுதான் சொன்னாங்க. நாங்க கேட்டோம், எங்கன்னு. அது மூணாவது பாகத்துல வரும்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

மூச்சண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் பண்ணின அன்றுகூட வராத அழுகை இப்போது வந்தது. சத்தமாக, தோள் குலுங்க, மறைக்கத் தெரியாமல் அழுதார். நர்ஸ் ஓடிவந்தாள். கண்டக்டரம்மா அவளை வேண்டாம் என்று சைகை காட்டினார். இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. இரண்டு அம்மாக்களுக்கும் ரத்தம் ஓடி முடிய இன்னும் நேரம் இருந்தது. எழுந்துவந்து தேற்ற முடியாமல் அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.