வெள்ளைக்கண் ஈக்கள்

ஊரே ஈயை விரட்டும். வடகரை குத்தாலிங்கம் ஈக்குச் சோறு போட்டுச் சம்பளம் வாங்குகிறவர். தென்காசியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர், வயது ஐம்பத்தாறு. ரவையும் வெல்லமும் காய்ச்சிப் பாட்டிலில் ஊற்றி, பழ ஈக்களை விட்டு, வாயைப் பஞ்சால் அடைப்பது வேலை. மனைவி பிச்சம்மாள் போய்ச் சேர்ந்த ஆறு வருஷத்தில் அவர் அதிகம் பேசியது இவற்றோடுதான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பேராசிரியர் உமா மகேஸ்வரியின் ஆராய்ச்சி செலினியம் பற்றியது. அந்தத் தாது துளி சேர்ந்த புரதம் ஒன்று ஈயின் உடம்பில் உண்டு. அது இல்லாவிட்டால் புழு வளர்ந்து ஈயாகுமா என்பதே கேள்வி. பிறவியிலேயே அந்தப் புரதம் வராமல் தடுத்த ஈ வகையின் பாட்டில்களில் மூன்று வருஷமாகப் புழுக்கள் புழுக்களாகவே செத்தன. பாட்டிலைக் கழுவுமுன் குத்தாலிங்கம் ஒவ்வொன்றையும் ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்.

குற்றாலச் சீசன் நேரத்து ஞாயிறு. கல்லூரியில் ஈ காக்கை இல்லை என்று சொல்ல முடியாது, ஈ இருந்தது. மனுஷர்தான் அவர் ஒருவர். பார்த்தால், சாக வேண்டிய பாட்டிலில் பன்னிரண்டு ஈக்கள் பறக்கின்றன! உடனே மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் பத்து நிமிஷம் பேசினார். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்டார். நாளைக் கருத்தரங்கிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். அவரிடம் யார் அத்தனை நேரம் பேசியிருக்கிறார்கள்? மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் ஈக்களை மயக்கி லென்ஸுக்கு அடியில் வைத்தார். ஆய்வக ஈக்களுக்குக் கண் வெள்ளை. இவற்றுக்குச் சிவப்பு. பழத்தோடு வருகிற ஊர் ஈ. இரண்டு வாரம் முன்பு ஐந்தருவியில் வாங்கிய பலாச்சுளையை இங்கேயே உட்கார்ந்து தின்றதும், பிசுபிசுத்த கையோடு பஞ்சை அரைகுறையாகச் செருகியதும் நினைவுக்கு வந்தன. சொல்லாவிட்டால் மேடம் நாளை நாலு பேர் முன்னால் தவறாகச் சொல்வார். சொன்னால் அந்தப் பத்து நிமிஷம் இனிக் கிடைக்காது. மறுபடி போன் போட்டார்.

"மேடம், அது நம்ம ஈ இல்ல. நான் உள்ள வச்சு பலாப்பழம் தின்னுட்டேன். அதுக்கு வந்த ஈ."

 கேன்டீன் இருக்கும்போது ஏன் அண்ணாச்சி அங்கே சாப்பிட்டீர்கள் என்று மேடம் கேட்டார்.

"அங்கன அம்புட்டுப் பேருக்கு நடுவுல ஒத்தையில இருக்கணும் மேடம். இங்கன இதுகளாவது இருக்கு."

மேடம் திட்டவில்லை. எந்தப் பாட்டிலில் ஊர் ஈ கலந்ததோ தெரியாது, எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், புதிய ஈக்களை வரவழைப்போம் என்றார்.

நாற்பத்தொரு பாட்டில். ஒவ்வொன்றாக அடுக்கிக் கதவைச் சாத்தினார். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எல்லாம் அடங்குகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.